கங்காணி வீட்டுப் புத்தகம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாக டைப் அடிக்கிறேன், பிழை திருத்துகிறேன். வெடிப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டரின் ராகு காலம், பள்ளி நோட்டு அட்டை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் பிளேட்டுக்குப் போகும். எழுத்துப் பிழையை மட்டும் பார்ப்பேன். எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்பது என் வேலை இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் நோட்டீஸ் அடிக்கிற இடத்தில் அப்படி இருந்தால்தான் வேலை பார்க்க முடியும். போன வருடம் ஒரு புத்தகத்தில் மட்டும் என்னால் அப்படி இருக்க முடியவில்லை.

காலண்டர் சீசன் முடிந்து மெஷின்கள் பாதி சும்மா கிடக்கிற மாசி மாதம். சாத்தூர்ப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். வெளுத்த வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஊரில் நிலபுலம் உள்ள வீடு. அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையின் கண்டிச்சீமையில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துவந்து வேலை வாங்கும் பெரிய கங்காணியாக இருந்தவராம். அவர் வரலாற்றை இவரே எழுதி, கெட்டியான ஃபைலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஆவணியில் குலசாமி கோயில் கும்பாபிஷேகம். அன்றைக்கு வருகிற சொந்தபந்தம் எல்லோருக்கும் ஆளுக்கொரு புத்தகம் கொடுக்க வேண்டும் என்றார்.

கங்காணி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகப் பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம். அய்யாவுக்கு இருபது வயது இருக்கும்போது இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்ததில் எங்கள் குடும்பம் இந்தியப் பக்கம் விழுந்தது. கப்பலேறி வந்து சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் எங்கள் வீட்டுக்கு இன்னும் 'சிலோன்காரன் வீடு' என்றுதான் பேர். ஆனால் அய்யாவின் தாத்தா இதே விஸ்வநத்தத்து மண்ணில்தான் பிறந்தவர். மழை பெய்யாத ஒரு வருடத்தில், ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் கொடுத்து அவரையும் அவர் பெண்டாட்டியையும் கைக்குழந்தையோடு கூட்டிப்போயிருக்கிறான்.

புத்தகத்தில் அது வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. 'பஞ்சத்தில் வாடிய ஏழை எளியோருக்கு வாழ்வளிக்கும் பொருட்டுத் தம்முடன் அழைத்துச் சென்றார்.'

அடித்தேன். முற்றுப்புள்ளி வைத்தேன்.

இரண்டாம் அத்தியாயம் தேயிலை வந்த கதை. மலை முழுக்க முதலில் காபிதான் போட்டிருந்தார்களாம். இலையில் நோய் விழுந்து காபி அழிந்தபோது துரைமார்கள் மனம் தளராமல் தேயிலை ஊன்றினார்கள் என்று இவர் எழுதியிருந்தார். ஊன்றிய கை துரையின் கைதானா என்று இவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. காபிக்குப் பழம் பறிக்கிற மாதங்களுக்கு மட்டும் ஆள் தேவை. அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்கள் நடந்தும் படகேறியும் போய்ப் பறித்துவிட்டு வெள்ளாமைக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். தேயிலை அப்படி இல்லை. வருடம் முழுக்கக் கொழுந்து வந்துகொண்டே இருக்கும், வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். அதனால் ஆளைத் திரும்ப விடக் கூடாது. ஆண் மட்டும் வந்தால் ஓடிவிடுவான், பெண்டாட்டி பிள்ளையோடு வந்தால் தங்குவான். கொழுந்து கிள்ளப் பெண்ணின் விரல்தான் தோது என்று கண்டுபிடித்ததும் குடும்பம் குடும்பமாகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். பிடித்துக் கொடுத்தவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைத்தது. இதெல்லாம் அய்யா சொல்லியும், நானாகத் தேடிப் படித்தும் எனக்குத் தெரியும்.

நல்ல தேயிலை எல்லாம் பெட்டி கட்டிச் சீமைக்குக் கப்பலில் போனது. பின்னால் அங்கே விற்பனை மந்தமான காலத்தில்தான் கம்பெனிக்காரர்களுக்கு நம் ஞாபகம் வந்தது. வண்டி கட்டிக்கொண்டு நம்மூர்ச் சந்தைகளுக்கு வந்து, டீத்தூளைக் கொதிக்கவைத்து இலவசமாக ஊற்றிக் கொடுத்துக் குடிக்கப் பழக்கினார்கள். இதையும் அவர் எழுதியிருந்தார், 'நம் மக்களுக்கு நல்ல பழக்கம் கற்றுத் தந்தனர்' என்று.

அவர் வாரம் இரண்டு நாள் வருவார். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்துக் காட்டி மாற்றச் சொல்வார்.

"இங்கன 'அவர்'னு போட்டுருக்க பாரு, 'அவர்கள்'னு போடு. எங்க பாட்டனாரத் துரையே பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாராம்."

"சரிங்கய்யா."

"கூலியாளுகளச் சொல்லுற எடத்துல 'அவர்கள்' வேண்டாம். ரெண்டும் ஒண்ணாத் தெரியும்."

அப்போதும் "சரிங்கய்யா" என்றுதான் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன் என்று எழுதினால் இப்போது நன்றாக இருக்கும். உண்மையில் சாதாரணமாகத்தான் சொன்னேன். வாய் பழகிப்போயிருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு மஞ்சள் பையில் பழைய ஏடு ஒன்றைக் கொண்டுவந்தார். நீளமான நோட்டு, துணி ஒட்டிய அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பாட்டனார் கையால் எழுதிய ஆள் பதிவு ஏடு என்றார். புத்தகத்தின் முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் உள்பக்கம் அதை ஸ்கேன் செய்து போட வேண்டும்.

"லேசா, புகை மாதிரி வரணும். எழுத்து வாசிக்கணும்னு இல்ல. பழசுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

அவர் போன பிறகு ஸ்கேன் செய்து பெரிய திரையில் திறந்தேன். வெளிறச் செய்வதற்கு முன்னால் கறையைத் துடைக்க வேண்டும், அதற்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்து அழகாகவே இருந்தது. முதல் கட்டத்தில் பேர். அடுத்து அப்பன் பேரோ புருஷன் பேரோ. அடுத்து ஊர். அடுத்து தகர டிக்கெட் எண். கப்பலேற்றுவதற்கு முன் மண்டபம் முகாமில் ஆளை ஒரு வாரம் அடைத்துவைத்து, கிருமி போகத் துணியை ஆவியில் போட்டு எடுத்து, எந்தத் தோட்டத்து ஆள் என்று தெரிய ஒரு தகரத் துண்டில் எண் அடித்துக் கழுத்தில் கட்டி அனுப்புவார்கள். அந்த எண். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல். 'இருக்கு.' 'செத்தது.' 'ஓடியது.'

எல்லாம் அஃறிணை. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். பக்கத்தின் மேலே மட்டும் 'துரை அவர்கள் பார்வையிட்டார்கள்' என்று சுத்தமான உயர்திணையில் எழுதியிருந்தது. அந்த மனிதனுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் எங்கள் ஊர்ப் பேரைப் பார்த்தேன். அதே வரியில் என் அண்ணனின் பேர். எங்கள் வீட்டில் பாட்டன் பூட்டன் பேரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம், அண்ணனுக்கு இருப்பது அய்யாவின் தாத்தா பேர். அப்பன் பேரும் சரியாக இருந்தது. எதிரே 'இருக்கு' என்று போட்டிருந்தது. அடுத்த வரியில் அவர் பெண்டாட்டி. எதிரே 'ஓடியது'. அதற்கடுத்து, 'மேற்படியாளின் ஆண் பிள்ளை ஒன்று, இருக்கு.' அந்தப் பிள்ளைதான் என் தாத்தா.

எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லப்பட்ட கதை வேறு. அந்தப் பூட்டி, அதாவது தாத்தாவின் அம்மா, மண்டபம் முகாமிலேயே காலரா கண்டு செத்துப்போனாள், கடலைத் தாண்டவே இல்லை என்பார்கள். முகாமில் செத்தவளுக்குத் தோட்டத்து ஏட்டில் என்ன வேலை? அவள் போயிருக்கிறாள், கொழுந்து கிள்ளியிருக்கிறாள், ஒருநாள் கிளம்பிவிட்டாள்.

அந்த இரண்டு பக்கத்தையும் பெரிய தாளில் அடித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்தது தப்புதான். இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யாவிடம் போனேன். அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்து இடது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர். பால் சேர்க்காத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். தாளை விரித்து அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்த செய்திதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏன்யா பொய் சொன்னீக?"

"எங்க அய்யா அப்பிடித்தான் சொல்லணும்னு சொன்னாரு. சொன்னேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பாலு குடிக்கிற பிள்ளைய விட்டுட்டு ஓடுனவளுன்னு சொல்லச் சொல்லுறியா? அவ பேச்ச எடுக்காத."

"ஏன் ஓடுனா, அதச் சொல்லுங்க."

தேத்தண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்ததில்லை. கடைசியில் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

முற்றின இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டாள் என்று கங்காணி அவளைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தியிருக்கிறான். காலையில் ஆள் கூட்டிப் பேர் வாசிக்கிற மைதானம் அது. கொழுந்துக் கூடையைத் தலையில் வைத்தபடி காலையிலிருந்து அந்தி வரை மழையில் நின்றிருக்கிறாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூட விடவில்லை. பக்கத்து லயத்துப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

"புருசன் என்ன செஞ்சாரு?" என்றேன்.

அய்யா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கங்காணி நாலு பேர அனுப்புனான் தேடி. அவ எந்தப் பாதையில போவான்னு புருசனுக்குத்தான தெரியும். முன்னால நடந்தது அவருதான்."

"எங்க தாத்தாவோட அய்யாவா?"

"வேற யாரு? போகலன்னா பிள்ளையோட லயத்த விட்டு வெளிய போடான்னு சொல்லியிருக்கான். மூணு நாளு தேடுனாகளாம். கிடைக்கல. செத்தாளா பொழைச்சாளா ஒரு தாக்கலும் இல்ல. எங்க அய்யாவுக்கு இது பெரிய ஆளானப்புறந்தான் தெரியும். அதுக்கப்புறம் அவரு தன்னப் பெத்த தகப்பன்கிட்டச் சாகுற வரைக்கும் முகம் குடுத்துப் பேசல."

கங்காணி மீது இருந்த வெறுப்பை நேராக அவன் பேரன் முகத்தில் போய்க் கொட்டலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். அந்த முற்றத்தில் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதி எங்கள் வீட்டுப் பக்கமே திரும்பியது. நாலு தலைமுறையாக அவளைக் காலராவில் சாகடித்துக்கொண்டிருந்தது கங்காணி இல்லை, நாங்கள்தான். அய்யாவிடம் அதைச் சொன்னேன்.

"சாகடிச்சாத்தான் படையல்ல ஒரு எல போட முடியும். ஓடிப்போனவளுக்கு யாரு எல போடுவா?" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை கங்காணியின் பேரன் ப்ரூஃப் பார்க்க வந்தார். நாற்பத்தோராம் பக்கத்தை நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒரு வாக்கியம், போன வாரம் நானே அடித்தது. 'அவருடைய ஆட்களில் ஒருவர்கூட அவரை விட்டு ஓடியதாக வரலாறு இல்லை.' அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் 'ஏட்டோடு பொருந்தவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"என்னது இது?" என்றார்.

"நீங்க குடுத்த ஏட்டுல பதினோரு பேருக்கு எதிர்த்தாப்புல 'ஓடியது'ன்னு போட்டுருக்கு. இங்கன ஒருத்தரும் ஓடலைன்னு எழுதியிருக்கீக. ரெண்டும் ஒரே புத்தகத்துல வருது."

"அத எதுக்கு நீ வாசிச்ச?"

"பிழை பாக்குறது என் வேலைங்கய்யா."

"எழுத்துப் பிழையப் பாரு. வரலாறு உனக்கு வேண்டாம்." பேனாவை எடுத்து என் சிவப்புக் கோட்டின் மேல் அழுத்தி அழித்தார். தாள் கிழிந்தது. பிறகு என்னை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். "உனக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருல எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. கணக்கு விடை கிடைத்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்பிடிச் சொல்லு. உங்க ஆளுகளுக்குக் கஞ்சி ஊத்துனதே எங்க பாட்டனாருதான். அவரு கூட்டிட்டுப் போகலேன்னா அந்தப் பஞ்சத்துல ஒரு தெருவே இருந்திருக்காது. நீ இங்கன ஏசியில உக்காந்து என்னக் கேள்வி கேக்க முடிஞ்சிருக்காது."

"கஞ்சி ஊத்துனாரோ இல்லையோ, எங்க பூட்டிய ஒரு பகல் பூரா மழையில நிக்க வச்சிருக்காரு. ஏட்ட வெளிற வைக்காம அப்பிடியே போடுங்க. வாசிக்கிறவுக வாசிக்கட்டும்."

சத்தம் கேட்டு முதலாளி தன் அறையிலிருந்து வந்தார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அவர் அப்பா காலத்திலிருந்து நான் இருப்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, என்னக்கா இது, கஸ்டமர்கிட்ட?"

"இந்தம்மா எனக்குப் பாடம் எடுக்குது" என்றார் வந்தவர். பிறகு என் பக்கம் திரும்பி, விரலை நீட்டிக்கொண்டு கேட்டார். "ஓடுனவகளத் தேடிப் போனது யாரு, சொல்லு பாப்போம். எங்க பாட்டனாரா போனாரு? அவரு எந்தக் காட்டுக்குள்ள எறங்குனாரு? உங்க ஆளுகதான் போனாக. புடிச்சுக் குடுத்ததும் உங்க ஆளுகதான். அத எழுதட்டுமா? எழுதுனா நல்லாருக்குமா?"

எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பொதுவாக வீசிய கல்தான். ஆனால் சரியான இடத்தில் பட்டது. முதலாளியும் டிசைன் போடுகிற பெண்ணும் நான் ஏதோ சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஏசியில் உட்கார்ந்திருக்கிறாய் என்ற அந்தப் பேச்சு மட்டும் இல்லாவிட்டால் அதைச் செய்திருப்பேனோ என்னவோ.

"ஆமா, எங்க ஆளுகதான் போனாக" என்றேன். "எங்க தாத்தாவப் பெத்தவரே போனாரு, சொந்தப் பெண்டாட்டியத் தேடி. தாராளமா எழுதுங்க. ஓடுனதுனாலதான தேடிப் போனாக? அப்ப ஒருத்தரும் ஓடலைன்னு எப்பிடி எழுதுறீக?"

முதலாளி அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தார். அவர் வியாபாரி. ஆர்டரும் போகக் கூடாது, வெளியே பேச்சும் ஆகக் கூடாது.

"அண்ணாச்சி, வாக்கியத்த லேசா மாத்திருவமே. நாளைக்கு யாராச்சும் ஏட்ட வச்சுக்கிட்டுக் கேட்டா உங்களுக்குத்தான் சங்கடம்" என்றார்.

"ஏட்ட எவன் பாக்கப்போறான்?"

"நீங்கதான அட்டைக்குள்ள போடச் சொல்லியிருக்கீக."

கடைசியில் அவர் 'ஓரிருவர் தவிர' என்று சேர்க்கச் சம்மதித்தார்.

"பதினோரு பேரு" என்றேன்.

"ஓரிருவர்."

"பதினோரு பேர ஓரிருவர்னு தமிழ்ல சொல்ல முடியாதுங்கய்யா."

"சிலர்னு போடுங்க. சிலர். அம்புட்டுத்தான். விட்டுரு அக்கா" என்றார் முதலாளி.

'சிலர் தவிர' என்ற இரண்டு சொல்லை அவர்கள் இருவரும் நிற்க நானே அடித்தேன். அடித்து முடித்ததும் அவர் மஞ்சள் பையை எடுத்து ஏட்டை உள்ளே வைத்தார்.

"அட்டைக்கு உள்ள இது வேண்டாம். தேயிலைச் செடி படம் ஏதாச்சும் போடுங்க, பச்சையா. மீதி வேலைய வேற யாராச்சும் பாக்கட்டும். இந்தம்மா கை இதுல படக் கூடாது."

ஏடு அப்படிப் போய்விட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், புகை மாதிரியாவது அந்தப் பேர்கள் ஐந்நூறு புத்தகத்தில் இருந்திருக்கும். கண் நல்லா இருக்கிற எவளாவது ஒருத்தி வெளிச்சத்தில் பிடித்து வாசித்திருக்கலாம். அதையும் இல்லாமல் செய்தது நான்தான். இதை நினைத்து வெகுநாள் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. புத்தகம் ஆவணியில் பைண்டிங் முடிந்து போனது. பளபளவென்று அட்டை. துரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் கோட்டுப் போட்ட பெரிய கங்காணி. பின்னால் கூடை சுமந்த பெண்கள், ஒருத்தி முகமும் தெளிவாக இல்லை. அச்சகத்தில் வேலை பார்த்த எங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். என் மேசைமேல் வைத்ததை நான் தொடவில்லை. டிசைன் பெண் எடுத்துக்கொண்டு போனாள்.

என்னிடம் மீதி இருந்தது நான் மடித்து வைத்த அந்தத் தாள். அதை மறுபடி அய்யாவிடம் கொண்டுபோனேன். இந்தமுறை அவளைப் பற்றிப் பேசவில்லை. மற்ற பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாலாவது பேரில் திரும்பினார்.

"அது கீழ் லயத்து ஆளு. அவன் வகையறா தாயில்பட்டியில இருக்காக. வாசி."

வாசித்தேன். ஏழு குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் இந்த வட்டாரத்துக்கே திரும்பி வந்து, வெடிக் கம்பெனிக்கோ தீப்பெட்டிக் கம்பெனிக்கோதான் போயிருக்கிறார்கள்.

தாளை ஏழு நகல் எடுத்தேன். ஐப்பசி தாண்டி, தீபாவளி லோடெல்லாம் போய்க் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கிற வாரம் பார்த்துக் கிளம்பினேன். தாயில்பட்டியில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயது இருக்கும். அவள் வீட்டு ஆளின் பேருக்கு எதிரே 'செத்தது' என்று இருந்தது. தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத வச்சு ஏதும் பட்டா குடுப்பாகளா?"

"இல்ல."

"உதவித் தொகை?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்க ஆளு பேரு இதுல இருக்கு, அதுக்காகத்தான் கொண்டாந்தேன்."

"செத்ததுன்னு எழுதுன தாள வீட்டுக்குள்ள எதுக்கு வைக்கணும்? நீங்களே கொண்டு போங்க" என்று திருப்பித் தந்துவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துணி ஊறுகிறது என்று உள்ளே போனாள்.

அடுத்தது அச்சங்குளம். அந்த வீட்டுப் பூட்டனும் ஏட்டில் 'ஓடியது' கணக்கில் இருந்தார். அவருடைய பேரனுக்கு மகன், நாற்பது வயது ஆள், வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பக்கம் பழைய தீக்காயம். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். ஏடு கிடைத்த விதத்தைச் சொன்னேன். எங்கள் பூட்டியைச் சொன்னேன். அய்யா சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். இந்த விஷயத்தில் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"எங்க ஆளு ஓடி எங்க வந்தாரு?" என்றார்.

"அது ஏட்டுல இல்ல. உங்க வீட்டுலதான் தெரிஞ்சிருக்கணும்."

"கப்பல்ல ஒளிஞ்சு வந்தாருன்னு எங்க அப்பன் சொல்லும். குடிச்சிட்டுச் சொல்லுற கதைன்னு நெனச்சிருந்தேன்." தாளை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்து அந்த வரியை வாசித்தார். லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்க தாத்தனோட அப்பன் ஆளத் தேடிப் போனாருன்னு சொன்னீகள்ல. எங்க ஆளத் தேடியும் அவருதான் போனாரா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

"தெரியல" என்றேன். "போயிருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு வண்டிச் சக்கரத்தைக் கழுவ ஆரம்பித்தார். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. சிவகாசி பஸ்ஸுக்காக ரோட்டுக்கு வந்தேன். பையில், தாயில்பட்டியில் திரும்பி வந்ததையும் சேர்த்து, இன்னும் ஆறு நகல் இருந்தது. அடுத்த வீடு விஸ்வநத்தத்திலேயே, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது.